வெட் புளூவுக்கு வரி போட்டதும் எடுத்ததும்

2021 பிப்ரவரி 1 அன்று தாக்கல் செய்த பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தோலைப் பற்றியும் ஒரு வரி சொன்னார். சில வகைத் தோல்களின் இறக்குமதிக்கு இருந்த வரிவிலக்கு நீக்கப்படுகிறது. அவை நம் நாட்டிலேயே போதிய அளவிலும் தரத்திலும், பெரும்பாலும் சிறு, நடுத்தர நிறுவனங்களால் தயாராகின்றன என்றார். வெட் புளூ என்ற பாதி பதனிட்ட தோலுக்கு 10 சதவீத இறக்குமதி வரி வந்தது. 2025 பிப்ரவரி 1 அன்று அதே அமைச்சர், அதே அவையில், அந்த வரியை முழுக்க எடுத்துவிட்டார். உள்நாட்டில் மதிப்புக் கூட்டவும் வேலைவாய்ப்புக்கும் இறக்குமதி எளிதாக வேண்டும் என்பது இந்த முறை சொன்ன காரணம்.

நான்கு வருடத்தில் மாடும் மாறவில்லை, தோலும் மாறவில்லை. ஆட்சியும் மாறவில்லை, அமைச்சரும் மாறவில்லை. இரண்டு அறிவிப்புகளையும் தேச நலன் என்றுதான் சொன்னார்கள், இரண்டிலும் பொய் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய எங்கள் ஊர்களில் பட்ஜெட் நாளன்று டிவி முன்னால் உட்கார்பவர்கள் வருமான வரி அறிவிப்போடு எழுந்துவிடுவதில்லை. தோல் என்ற சொல் வருகிறதா என்று கடைசிவரை பார்ப்பார்கள். அந்தச் சொல் எப்போது வருகிறது, யாருக்குச் சாதகமாக வருகிறது என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால், ஒரு நாட்டின் கொள்கை எப்படி முடிவாகிறது என்பது ஓரளவு பிடிபடும். அரசுக்கு அந்த நேரத்தில் எது பற்றாக்குறையோ அது கதவைத் திறக்கிறது. அந்த நேரத்தில் வாசலில் யார் நிற்கிறார்களோ அவர்கள் உள்ளே போகிறார்கள். நிற்க முடியாதவர்கள் செலவை ஏற்கிறார்கள். நான் பார்த்தவரை விஷயம் இவ்வளவுதான்.

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். ஆட்டை, மாட்டை அறுத்த இடத்திலிருந்து தோல் உப்புத் தடவி வரும். அதை ஊறவைத்து உப்பை இறக்கி, சுண்ணாம்பும் சல்ஃபைடும் போட்டு முடியைக் கழற்றி, ஒட்டியிருக்கும் சதையைச் சீவி, அமிலம் காட்டி, குரோமியம் உப்போடு பெரிய மர டிரம்மில் சுற்ற விடுவார்கள். மணிக்கணக்கில் சுற்றி வெளியே விழும்போது வெளிர் நீலத்தில், சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும். அதுதான் வெட் புளூ. இனி அது அழுகாது, கப்பலில் எங்கே வேண்டுமானாலும் போகும். அதை மறுபடி பதப்படுத்திக் காயவைத்தால் கிரஸ்ட். சாயமும் மெருகும் ஏற்றினால் ஃபினிஷ்ட் லெதர். அப்புறம் கட்டிங், ஸ்டிச்சிங், ஷூ. கெமிக்கலுக்குப் பதில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவது ஈ.ஐ. தோல், அதாவது ஈஸ்ட் இந்தியா தோல். இந்தப் பக்கத்துப் பழைய தொழில் அதுதான். 2008ல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும் ஒரே ஆசை இரண்டு முகத்தோடு இருக்கிறது. தான் வாங்கும் பொருள் மலிவாக வேண்டும், தான் விற்கும் பொருள் விலை ஏற வேண்டும். தோல் மண்டிக்காரர் பதனிடாத பச்சைத் தோலைத் தாராளமாக ஏற்றுமதி செய்ய விடுங்கள் என்பார். டேனரிக்காரர், அதாவது தோல் பதனிடும் ஆலைக்காரர், பச்சைத் தோல் வெளியே போகவே கூடாது, ஆனால் என் கிரஸ்ட் போகலாம் என்பார். ஷூ கம்பெனிக்காரர் கிரஸ்ட்டும் போக வேண்டாம், ஃபினிஷ்ட் தோலையும் கொஞ்சம் பிடித்து வையுங்கள், வெளிநாட்டுத் தோலை வரியில்லாமல் விடுங்கள் என்பார். எல்லோருடைய மனுவிலும் வேலைவாய்ப்பு, அந்நியச் செலாவணி, மதிப்புக் கூட்டல் என்ற அதே மூன்று சொற்கள் இருக்கும். மனுவை வைத்து யார் எந்தப் படி என்று கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் கேட்கும் சலுகையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது 2021ஐப் பாருங்கள். கொரோனா ஆண்டு முடிந்த நேரம். ஆர்டர் இல்லாமல் டிரம்கள் ஓடாமல் கிடந்தன. சுயசார்பு என்பது அரசின் அன்றைய முழக்கம். வெளிநாட்டு வெட் புளூ வந்து நம் டிரம்மை நிறுத்துகிறது என்று சொன்னால் அந்தக் காற்றில் எடுபடும். 2025ல் முழக்கம் வேறு. உற்பத்தித் துறையில் வேலை பெருகவில்லை என்ற குறை எல்லாப் பக்கமும் கேட்டது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஒரே கூரையின் கீழ் வேலை தருவது ஷூ தொழிற்சாலை. அதற்கு ஒரே தரத்தில், பெரிய அளவில் தோல் வேண்டும். அந்த பட்ஜெட்டில் காலணி, தோல் துறைக்குத் தனித் திட்டம் அறிவித்து 22 லட்சம் பேருக்கு வேலை, 4 லட்சம் கோடி ரூபாய் வர்த்தகம், 1.1 லட்சம் கோடிக்கு மேல் ஏற்றுமதி என்று கணக்குச் சொன்னார்கள். அதே மூச்சில் கிரஸ்ட் தோலுக்கு இருந்த 20 சதவீத ஏற்றுமதி வரியையும் எடுத்தார்கள். இது சிறு டேனரிகளுக்காக என்றார்கள். ஒரு கையால் ஷூ கம்பெனிக்கு, இன்னொரு கையால் டேனரிக்கு. ஒருவர் கேட்டதைக் கொடுக்கும்போது மற்றவர் வாயை அடைக்க ஏதாவது கொடுப்பது எந்த அரசும் செய்வதுதான்.

ஏற்றுமதி வரி என்பதைப் பலரும் அரசுக்கு வருமானம் என்று நினைக்கிறார்கள். தோலில் அது வருமானத்துக்காகப் போட்ட வரி இல்லை. பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 60 சதவீத வரி இருந்தது. 2019 ஜூலை பட்ஜெட்டில் அதை 40 ஆக்கினார்கள். 40 சதவீதம் கட்டி யார் ஏற்றுமதி செய்வார்கள்? செய்ய மாட்டார்கள், அதுதான் நோக்கம். தோல் உள்நாட்டிலேயே தேங்கும், விலை இறங்கும், டேனரிக்கு மலிவாகக் கிடைக்கும். சரி, அந்த இறங்கிய விலை யார் பையிலிருந்து போகிறது? ஒடுகத்தூர் மலையடிவாரத்தில் பத்து ஆடு வைத்திருப்பவரிடமிருந்தும், கறிக்கடைக்காரரிடமிருந்தும். ஆடு விற்கும்போது தோலின் விலையும் சேர்ந்துதான் விலை பேசுகிறார்கள். பக்ரீத் முடிந்ததும் குர்பானித் தோலை மதரஸாவுக்குக் கொடுப்பது எங்கள் ஊர்களில் வழக்கம். மதரஸாவின் ஒரு பங்குச் செலவு அதில் ஓடும். சமீப வருடங்களில் ஆட்டுத்தோல் விலை விழுந்த வேகத்தில், வண்டி வைத்துச் சேகரித்து உப்புப் போட்டு வைக்கும் செலவுக்கே கட்டுப்படியாகவில்லை என்ற பேச்சு வந்துவிட்டது. அதற்கு உலகச் சந்தையும் காரணம், செயற்கைத் தோலும் காரணம். ஆனால் விலை விழும் நேரத்தில் வெளியே விற்கும் வழியை அடைத்து வைத்திருப்பதும் காரணம்தான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, தொழில் வளர்ச்சிக்கான இந்தச் சலுகை அந்த வகை. ஆடு மேய்ப்பவருக்குச் சங்கம் இல்லை, டெல்லிக்கு டிக்கெட் எடுக்க ஆள் இல்லை. அதனால் இந்த வரியைப் பற்றிய எந்த விவாதத்திலும் அவர் பெயர் வருவதே இல்லை.

இந்த ஏற்பாடு சுதந்திரத்துக்குப் பிறகு முளைத்தது என்று நினைத்தால் தவறு. முதல் உலகப்போருக்கு முன் இந்தியாவின் பச்சைத் தோல் வியாபாரத்தில் ஜெர்மன் கம்பெனிகளின் கை ஓங்கியிருந்தது. போர் வந்ததும் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு பூட்ஸ் வேண்டும். சென்னை மாகாணத்தில் பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோல் அந்த பூட்ஸுக்குத் தோதாக இருந்தது. அரசே மொத்தமாக வாங்கியது, டேனரிகள் பெருகின. போர் முடிந்ததும், 1919ல், பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டார்கள். இந்தியத் தொழிலைக் காக்க என்று சொன்னார்கள். ஆனால் பிரிட்டிஷ் பேரரசுக்குள் போகும் தோலுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி உண்டு. ஜெர்மானியர் திரும்பி வரக்கூடாது, பிரிட்டனில் டேனரி வளர வேண்டும் என்ற கணக்கு அந்தத் தள்ளுபடியில் இருந்தது. 1923ல் வரியை 5 சதவீதமாக்கினார்கள். 1930களின் நடுவில் அதுவும் போயிற்று. வரியின் பெயர் ஒன்று, வேலை வேறொன்று என்பது அப்போதே தொடங்கிவிட்டது.

எங்கள் ஊர்களின் தலையெழுத்தை மாற்றியது 1973. அதற்கு முன் இந்தியா பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும்தான் அதிகம் அனுப்பிக்கொண்டிருந்தது. இத்தாலிக்காரர்களும் ஜெர்மானியர்களும் அதை வாங்கி மெருகேற்றி ஷூ தைத்துப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். டெல்லிக்கு அப்போது டாலர்தான் பெரிய கவலை. 1966ல் ரூபாயின் மதிப்பை டாலருக்கு 4.76லிருந்து 7.50க்கு இறக்கியும் பற்றாக்குறை தீரவில்லை. மத்திய அரசு அமைத்த சீதாராமையா குழு 1972ல் உட்கார்ந்து, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் குறைத்து, முழுத் தோலும் பொருளுமாக அனுப்பச் சொன்னது. 1973ல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பாதி பதனிட்ட தோலுக்கு கோட்டா வந்தது. பின்னாலேயே அதற்கு ஏற்றுமதி வரியும் வந்தது.

ஒரே உத்தரவு, இரண்டு விதமான பலன். கையில் முதல் இருந்தவர்கள் ஃபினிஷிங் மெஷின் இறக்கினார்கள், வெளிநாட்டு வியாபாரிகளோடு நேரடித் தொடர்பு பிடித்தார்கள், பிறகு ஷூவின் மேல்பாகமான அப்பர், பிறகு முழு ஷூ என்று போனார்கள். முதல் இல்லாதவர்கள் ஜாப் ஒர்க்குக்கு இறங்கினார்கள். அதாவது, தன் பேரில் தோல் வாங்கிப் பதனிட்டு விற்றவர், இன்னொருவர் தோலைக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுப்பவரானார். ஆம்பூர், வாணியம்பாடியில் இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை டேனரிக் குடும்பங்களிடம் பேசினால் இந்தப் பிளவு எந்த வருடம் விழுந்தது என்று கை காட்டுவார்கள். தேச அளவில் கணக்குப் பார்த்தால் இந்தக் கொள்கை வெற்றி. ஏற்றுமதி மதிப்பு ஏறியது, ஷூ தொழில் வந்தது, பெண்கள் வேலைக்குப் போனார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். காலையில் ஆம்பூர் பக்கம் கிராமம் கிராமமாக நின்று ஆள் ஏற்றும் பேக்டரி பஸ்கள் அந்த முடிவின் தொடர்ச்சிதான். ஆனால் முழுத் தோல் வேலைக்கு, அதிலும் ஷூ மேல்தோலுக்கு, குரோம்தான் வசதி. பட்டைத் தொட்டிகள் குறைந்து குரோம் டிரம்கள் பெருகின. மதிப்பு மேலே கூடும்போது கழிவும் இங்கேயே கூடியது. மெருகேற்றும் வேலை ஐரோப்பாவில் நடந்தபோது அந்தக் கழிவு அவர்கள் ஆற்றுக்குப் போனது. இப்போது பாலாற்றுக்கு வந்தது. மதிப்புக் கூட்டல் என்று சொல்லும்போது இந்தக் கூட்டலை யாரும் எழுதிவைக்கவில்லை. ஈ.ஐ. தோல் ஏற்றுமதிக்கு இருந்த வரியை 2019ல் எடுத்தார்கள், அந்தத் தொழில் பெரும்பாலும் அடங்கிப்போன பிறகு.

1991ல் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடந்தன. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலைக்கு வந்து, தங்கத்தை அடகு வைத்தார்கள். ஜூலை முதல் வாரத்தில் ரூபாய் மதிப்பை இரண்டு தவணையாக இறக்கினார்கள். அதே 1991ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது: டேனரிக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்துவிட்டது, நிறுத்துங்கள் என்று. டாலருக்காக நாடே தவித்த நேரத்தில், டாலர் கொண்டுவரும் தொழிலின் மேல் வழக்கு. அப்போது நாட்டின் முழுத் தோல் ஏற்றுமதியில் சுமார் 80 சதவீதம் தமிழ்நாட்டிலிருந்து போனதாக நீதிமன்றமே பின்னால் குறிப்பிட்டது. எந்த அமைச்சகம் தானாக முன்வந்து அதில் கைவைக்கும்?

சட்டம் இல்லாமல் இல்லை. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974லேயே வந்தது. ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு அதிகமுள்ள தொழில்கள் வரக்கூடாது என்று மாநில அரசு 1989 மார்ச்சில் அரசாணை போட்டது. ஆணை கோப்பில் இருந்தது, டேனரி ஆற்றோரம் இருந்தது. இதைச் சோம்பல் என்றோ லஞ்சம் என்றோ மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. லாபம் ஒரு சில நூறு பேரிடமும், டாலர் கணக்கு டெல்லியிடமும் சேர்கிறது; நட்டம் ஆயிரக்கணக்கான கிணறுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவுகிறது. அதிலும் ஒரே வீட்டில் அப்பாவின் தென்னை காய்ந்து நிற்கும், மகனுக்கோ மருமகளுக்கோ தோல் ஷாப்பில் சம்பளம் வரும். ரெண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் மாதிரி ஆன அந்த வீடு எந்தப் பக்கம் ஊர்வலம் போகும்? போகவில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் நீதிமன்றம்தான் வாசலானது.

1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற மாணவர்கள் எல்லோரும் இன்று வேலூர் பெயரை மனப்பாடம் செய்வது இந்தத் தீர்ப்பால்தான். மாசுபடுத்துகிறவரே செலவைத் தர வேண்டும், கெடுதல் வரும் என்று தெரிந்தால் முழு அறிவியல் நிரூபணத்துக்குக் காத்திருக்காமல் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் சொன்னதைப் பதிவு செய்தது. வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்ட டேனரிகளுக்கும் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது. நட்டஈடு கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு வரவும் வழி செய்தது.

ஆனால் தீர்ப்பு தொழிலை மூடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தோல் தொழில் அந்நியச் செலாவணி தருகிறது, வேலை தருகிறது, அதற்காக இயற்கையை அழிக்க அதற்கு உரிமை இல்லை என்ற இரண்டு பாதியும் அதில் இருக்கின்றன. அரசு அந்த இரண்டு பாதிக்கும் நடுவில் கண்டுபிடித்த வழி பொதுச் சுத்திகரிப்பு நிலையம். பல டேனரிகளின் கழிவுநீரை ஒரு குழாயில் சேர்த்து ஓரிடத்தில் சுத்திகரிப்பது, மத்திய, மாநில அரசுகள் மானியம் தருவது. மாசுபடுத்தியவர் செலவைத் தர வேண்டும் என்ற கோட்பாடு, நடைமுறைக்கு வந்தபோது செலவில் ஒரு பங்கை வரி கட்டுகிறவரும் தருவதாக ஆனது.

அதுவும் வேலையைப் பாதிதான் முடித்தது. கழிவுநீரில் பெரிய தலைவலி குரோமியத்தைவிட உப்பு. பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் 30, 40 சதவீதம் உப்புத் தடவி அனுப்புகிறார்கள். ஊறவைத்ததும் அத்தனை உப்பும் தண்ணீருக்கு வருகிறது. பாக்டீரியாவை வைத்து அழுக்கைத் தின்னவைக்கலாம், உப்பைத் தின்னவைக்க முடியாது. ஆகவே சொட்டு நீர்கூட வெளியே விடக்கூடாது என்ற விதி தமிழ்நாட்டில் வந்தது. ஆர்.ஓ. சவ்வு, அதற்குப் பின் ஆவியாக்கும் கொதிகலன், கடைசியில் மூட்டை மூட்டையாக யாரும் வாங்காத கலப்பு உப்பு. இந்த மின்சாரச் செலவையும் விறகுச் செலவையும் பெரிய கம்பெனி தோலின் விலையில் கரைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்குச் சில நூறு தோல் ஓட்டும் சின்ன டேனரி கரைக்க முடியாது. சுற்றுச்சூழல் விதி என்று நாம் படிப்பது, தொழிலில் யார் நிற்பார் யார் விழுவார் என்பதையும் சேர்த்தே முடிவுசெய்கிறது. 1973ல் மெஷின் வாங்க முடியாமல் இறங்கியவர்கள் இருந்த அதே இடத்தில் இப்போது சுத்திகரிப்புக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் நிற்கிறார்கள்.

விதியை ஏமாற்றவும் முடியாமல் நிறைவேற்றவும் முடியாமல் தேங்கிய கழிவு என்ன செய்யும் என்பதை 2015 ஜனவரி கடைசி நாள் காட்டியது. ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சகதித் தொட்டியின் சுவர் இரவில் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். அதே ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் மலையாகக் கிடந்தது. கம்பெனி போய்விட்டது, கழிவுக்குச் சொந்தக்காரர் யார் என்பதே கேள்வியானது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வில், மறுபடி பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் நட்டஈடு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கட்டும், ஆற்றைச் சரிசெய்யும் வரை அவர்கள் பொறுப்பு தீராது, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு மேற்பார்க்கட்டும் என்றது. இந்தத் தீர்ப்புக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வெட் புளூ வரியை நீக்கிய பட்ஜெட். ஒன்று நீர்த் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் போகும் கோப்பு, மற்றது வர்த்தகத் துறையிலும் நிதித் துறையிலும் உருவான கோப்பு. அரசு என்பது ஒரே ஆள் என்று நினைத்தால்தான் இதில் முரண்பாடு தெரியும்.

வாக்கு எங்கே வருகிறது? 2019ல் வேலூர் மக்களவைத் தேர்தல், பணப் பட்டுவாடா புகாரில் ஏப்ரலில் ரத்தாகி ஆகஸ்டில் நடந்தது. வித்தியாசம் வெறும் 8,141 வாக்குகள். இப்படி நூலிழையில் முடியும் தொகுதியில் எந்தக் கட்சி வேட்பாளரும் டேனரியை மூடு என்று மேடையில் சொல்ல மாட்டார், பாலாறு கெட்டால் கெடட்டும் என்றும் சொல்ல மாட்டார். இரண்டையும் தவிர்த்து மேம்பாலம் பற்றிப் பேசுவார். வாக்கு கொள்கையை எப்போதும் எழுதுவதில்லை, பல நேரம் எதை எழுதக்கூடாது என்பதை மட்டும் சொல்கிறது.

குரல் சரியாகச் சேர்ந்தால் எவ்வளவு சீக்கிரம் வேலை நடக்கும் என்பதற்குக் குடியாத்தம் உதாரணம். அங்கே தீப்பெட்டித் தொழில் உண்டு. சிவகாசி, கோவில்பட்டி அளவுக்கு இல்லை என்றாலும் பல குடும்பங்களின் பிழைப்பு. ஒரு முறை வாங்கித் தூக்கிப்போடும் வெளிநாட்டு பிளாஸ்டிக் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டியின் விற்பனையைத் தின்கிறது என்று சங்கங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2022ல் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. சென்னையும் டெல்லியும் எதிரெதிர் அணி, ஆனாலும் நடந்தது. ஏனென்றால் இதில் நட்டப்பட்டது வெளிநாட்டு உற்பத்தியாளர், அவருக்கு இங்கே ஓட்டு இல்லை. லைட்டர் வாங்குபவர்கள் சங்கம் என்று ஒன்றும் இல்லை.

பீடிக்கு வேறு கதை. குடியாத்தம், பேரணாம்பட்டு வீட்டுத் திண்ணைகளில் பீடி சுற்றும் பெண்களின் பெயர் எந்தப் பேச்சுவார்த்தையிலும் பெரிதாக அடிபட்டதில்லை. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டை 40 சதவீதப் பட்டியலில் வைத்துவிட்டு பீடியை 28லிருந்து 18க்கு இறக்க முடிவு செய்தது. உடம்புக்குக் கெடுதி என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பீகார் தேர்தல் இரண்டு மாதத்தில் வர இருந்ததையும், அந்தப் பக்கம் பீடித் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அப்போதே சிரித்தார்கள். குடியாத்தத்துப் பெண்கள் தாங்களாகக் கதவைத் தட்டி உள்ளே போகவில்லை. பாட்னாவுக்குத் திறந்த கதவில் கூடவே நுழைந்தார்கள்.

எல்லாமே பணக் கணக்குதான் என்று சொன்னால் 2017ஐ விளக்க முடியாது. அந்த மே 23 அன்று, சந்தையில் மாடு விற்பதென்றால் இறைச்சிக்காக இல்லை என்று உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. கொண்டுவந்தது வர்த்தக அமைச்சகம் இல்லை, சுற்றுச்சூழல் அமைச்சகம். விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ். தோல் ஏற்றுமதியைப் பெருக்க வேண்டும் என்று சொல்லும் அதே அரசு, தோலின் ஊற்றையே அடைக்கும் விதியைப் போட்டது. இதை எந்தப் பொருளாதார ஆலோசகரும் கேட்டிருக்க மாட்டார். இது கட்சியின் நம்பிக்கை சார்ந்த அரசியல். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு வாரத்தில் தடை கொடுத்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடையை நாடு முழுவதற்கும் ஆக்கியது. விதி நடைமுறைக்கு வராமலே நின்றாலும், மாடு ஏற்றிய லாரிக்காரரின் பயம் தடை வாங்கவில்லை.

அப்புறம் வெளியிலிருந்து வரும் முடிவுகள். 1980களின் கடைசியில் ஜெர்மனி, பூஞ்சை பிடிக்காமலிருக்கத் தோலில் சேர்க்கும் பென்டாகுளோரோபீனால் என்ற ரசாயனத்துக்குத் தடை போட்டது. சில வருடத்தில் அசோ சாயங்களுக்கும். ஜெர்மனியில் ஓட்டுக் கேட்டவர்களின் சுற்றுச்சூழல் அரசியல், பேரணாம்பட்டில் எந்த டப்பாவைத் திறக்கலாம் என்பதை முடிவுசெய்தது. ஒரு வகையில் அதற்கு நம் அரசாணையைவிட வேகம் அதிகம். சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்களே. அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று வழிகளைச் சொல்லிக்கொடுக்க ஓட வேண்டியிருந்தது.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு மொத்தம் 50 சதவீத வரி விதித்தது. அதில் பாதி, இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனை. ஆம்பூர் ஷூவுக்கும் ரஷ்ய எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம்? எண்ணெய் மலிவாகக் கிடைத்ததில் லாபம் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு. வரியில் அடி திருப்பூர் பனியனுக்கும் ஆம்பூர் ஷூவுக்கும். எண்ணெயை விட முடியாது என்று டெல்லி முடிவெடுத்தபோது இந்தத் தொழில்களின் நட்டத்தையும் மனதுக்குள் எடைபோட்டிருப்பார்கள், எடை குறைவாக இருந்திருக்கும். அதற்கு மருந்தாக நவம்பரில் ஏற்றுமதி ஊக்குவிப்புக்கு 25,060 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதற்கு முன், ஜூலை 24 அன்று பிரிட்டனோடு கையெழுத்தான வணிக ஒப்பந்தத்தில் நம் தோல் பொருளுக்கும் ஷூவுக்கும் அங்கே வரி பூஜ்யமாகிறது. பதிலுக்கு ஸ்காட்ச் விஸ்கிக்கு இங்கே 150 சதவீத வரி முதலில் 75, பத்து வருடத்தில் 40 ஆகிறது. மதுக்கடையில் ஸ்காட்ச் விலை குறைந்தால் அதில் ஆம்பூருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி வாசலில் நிற்கப்போகிறவர்கள் யார் என்பதையும் பார்க்கலாம். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவானின் ஹாங் ஃபூ குழுமம் 1,500 கோடி ரூபாயில், 25,000 பேருக்கு வேலை தரும் ஷூ தொழிற்சாலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டியது. அங்கே வரப்போவது தோல் இல்லாத ஷூ. செய்யாறில் ஏற்கெனவே அதே மாதிரி ஸ்போர்ட்ஸ் ஷூ ஆலை ஓடுகிறது. அதுவும் பழைய வட ஆற்காடுதான். மத்திய அரசின் 2025 திட்டத்திலும் தோலல்லாத காலணி என்று தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். இவர்கள் கேட்கப்போவது செயற்கைத் துணிக்கும் ரப்பருக்கும் இறக்குமதிச் சலுகை, இரவு ஷிப்டில் பெண்கள் வேலை செய்ய விதித் தளர்வு, ஹாஸ்டல், தண்ணீர். பச்சைத் தோலுக்கு ஏற்றுமதி வரி 40 இருந்தால் என்ன, 4 இருந்தால் என்ன, அவர்களுக்கு அது பொருட்டில்லை. பாலாற்று உப்பும் அவர்கள் பிரச்சினை இல்லை. வேலை எண்ணிக்கையைச் சொல்லி இதுவரை டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தன. 25,000 என்ற ஒற்றை எண்ணோடு வருகிறவருக்கு அந்தக் கூட்டுக் கையெழுத்து தேவைப்படாது. அப்படியானால், ஜாப் ஒர்க் செய்யும் சின்ன டேனரிக்காரரின் மனுவில் மீதி இருக்கப்போவது அவருடைய கையெழுத்தும், ஒருவேளை, இதுவரை யாரும் சேர்த்துக்கொள்ளாத ஆட்டுக்காரரின் கைரேகையும்தான்.